மைக்ரோடிப் பென்சில் நீடித்து உழைக்க: தேர்வு முதல் பழுது நீக்குவது வரை முழுமையான வழிகாட்டி

கடைக்காரர் இரண்டு மைக்ரோடிப் பென்சில்களை எடுத்து வைத்தால் கை தானாகவே கனமானதன் பக்கம் போகும். குத்துவிளக்கை எடை போட்டு வாங்கிப் பழகிய ஊரில் இது இயல்புதான். நாச்சியார்கோவில் விளக்கில் எடை கூடினால் உலோகம் கூடுதல், ஆயுளும் கூடுதல். பென்சிலில் அந்தக் கணக்கு செல்லாது. பென்சிலின் உடல் கெட்டுப்போய் யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை. கெடுவது மூன்று இடங்கள்: நுனியில் இருக்கும் மெல்லிய குழாய், உள்ளே லெட்டைக் கவ்வும் கிளட்ச், முன்கூம்பு திருகி ஏறும் மரை. இந்த மூன்றும் நன்றாக இருந்தால் 9 கிராம் பிளாஸ்டிக் பென்சிலும் இருபது வருடம் எழுதும். இவை மட்டமாக இருந்தால் முழுப் பித்தளை உடலும் பயன்படாது. கனம் கூடக்கூட, கீழே விழும்போது முனைக்குழாய் வாங்கும் அடியும் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த வழிகாட்டி பென்சிலை வைத்தே வேலை செய்பவர்களுக்கானது. வரைபடத் தாளோடு மல்லுக்கட்டும் பாலிடெக்னிக் மாணவர்கள், வரப்பில் நின்றபடி அளவு குறிப்பவர்கள், திருபுவனம் பட்டுக்கு ஜக்கார்டு தறியில் நெய்யும் டிசைனைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புபவர்கள், தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகையில் முதல் கோடு இழுப்பவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பழுதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். கடைசல் பட்டறையில் லேத் பார்த்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பென்சிலின் கிளட்ச் ஒரு குட்டி லேத் சக். இரண்டு அல்லது மூன்று தாடைகள் லெட்டைச் சுற்றிப் பிடிக்கின்றன. தாடைகளின் வெளிப்பக்கம் கொஞ்சம் விரிந்த சரிவாக இருக்கும். அதன்மேல் ஒரு சின்ன வளையம் உட்கார்ந்திருக்கும். பின்னால் உள்ள ஸ்பிரிங், தாடைகளை வளையத்துக்குள் இழுத்து இறுக்கி வைக்கிறது.

பின் மூடியை அழுத்தியதும் தாடை, வளையம், லெட் மூன்றும் சேர்ந்து முன்னே போகும். கூம்புக்குள் ஒரு படி இருக்கிறது. வளையம் அதில் முட்டி நின்றுவிடும். தாடை அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போவதால் விரிந்து லெட்டை விட்டுவிடும். கையை எடுத்தால் ஸ்பிரிங் தாடையைப் பின்னே இழுக்கும். அப்போது லெட்டும் கூடவே பின்னால் போய்விடாமல் நுனியிலுள்ள குட்டி ரப்பர் அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நொடியில் லெட்டை நிறுத்தி வைப்பது அந்த ரப்பர் மட்டுமே. பலருக்கு அப்படி ஒரு ரப்பர் இருப்பதே தெரியாது. "எத்தனை தடவை அழுத்தினாலும் லெட் வரமாட்டேங்குது" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ரப்பர் தேய்ந்ததாலோ தூசி அப்பியதாலோ வருவது. கிளட்ச் மேல் பழி போட்டு ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிவிடாதீர்கள்.

இதே அமைப்பால்தான் கடைசித் துண்டு லெட் வீணாகிறது. லெட்டின் பின்முனை தாடையைத் தாண்டிவிட்டால் அதைக் கவ்வ யாருமில்லை. சாதாரணப் பென்சிலில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இப்படிப் போகும். அது பழுதல்ல.

அளவைத் தேர்ந்தெடுப்பது

கடைகளில் அதிகம் கிடைப்பவை 0.5, 0.7, 0.9, 2 மி.மீ. 0.3 தேடினால்தான் கிடைக்கும். 0.5 என்று அச்சிட்ட லெட்டின் உண்மையான விட்டம் ஏறக்குறைய 0.56 மி.மீ. 0.7 லெட் கிட்டத்தட்ட 0.7-தான். வளைந்து முறியாமல் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். எனவே 0.7 லெட், 0.5 லெட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம் தாங்கும். அழுத்தி எழுதும் கைக்கு விலை கூடிய 0.5 பென்சிலைவிடச் சாதாரண 0.7 பென்சில் நிம்மதி தரும்.

வெளியே நீட்டும் நீளமும் அதே அளவு முக்கியம். 2 மி.மீ. நீட்டி எழுதுவதை 1 மி.மீ. ஆக்கினால் அடியில் விழும் வளைவு விசை பாதியாகும். லெட் ஓயாமல் முறிகிறது என்பவர்கள் பென்சிலை மாற்றுவதற்கு முன் ஒரு கிளிக் குறைத்துப் பார்க்கட்டும்.

கிராஃப் தாளில் ஜக்கார்டு டிசைன் போடுபவர்களுக்கு 0.5. பாவும் ஊடையும் சந்திக்கும் கட்டத்தை விட்டு வெளியே வழியாமல் நிரப்ப அதுவே தோது. எழுத்து வேலை, வயல்வெளிக் குறிப்பு இரண்டுக்கும் 0.7. வீணைப் பட்டறையில் பலாமரத்தில் கோடு போட இவை எதுவும் வேண்டாம். மரத்தின் நார் மெல்லிய லெட்டை முறித்துவிடும், 2 மி.மீ. லெட் ஹோல்டர்தான் சரி.

லெட்டின் கடினத்தில் (எச் என்றால் கடினம், பி என்றால் மென்மை, எச்பி நடுத்தரம்) காவிரி டெல்டாவான நம் பகுதிக்கென்று ஒரு விஷயம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாள் ஈரம் குடித்து மெத்தென்று ஆகிவிடும். அதன்மேல் 2எச் லெட்டால் எழுதினால் கோடு விழுவதற்குப் பதில் பள்ளம் விழும், சில நேரம் தாளே கிழியும். கோடையில் எச் பயன்படுத்துபவர்கள் மழைக்காலத்தில் எச்பி அல்லது பி லெட்டுக்கு இறங்குவது நல்லது.

கடையில் ஐந்து நிமிடம்

கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இதைச் செய்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

முன்கூம்பைத் திருகிக் கழற்றுங்கள். முதல் வேலை இதுதான். கூம்பு உலோகமாக இருந்து, அது ஏறும் உடலின் மரை வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால், அந்த மரை ஆழமாகவும் நாலைந்து சுற்று நீளமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டே சுற்றில் நின்றுவிடும் மரை சீக்கிரம் தேயும். உலோகத்தோடு உலோகம் சேரும் மரை எப்போதும் மேல். கழற்றவே முடியாதபடி ஒட்டிய கூம்பு என்றால் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே துண்டு மாட்டிக்கொண்டால் வெளியே எடுக்க வழியில்லை.

கழற்றிய கையோடு கிளட்சைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெள்ளையோ கறுப்போ என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தாடைகள் புதிதில் நன்றாகத்தான் பிடிக்கும். நாள்பட லெட் உரசி அவற்றின் உள்பக்கம் வழவழப்பாகி, எழுதும்போது லெட் உள்ளே நழுவத் தொடங்கும். பித்தளைத் தாடை பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். ஒரு பென்சிலின் ஆயுளை ஒரே பார்வையில் சொல்ல வேண்டுமென்றால் நாங்கள் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

அடுத்தது முனைக்குழாய். ஸ்கேல் ஓரமாகக் கோடு போடும் வரைபடப் பென்சில்களில் இது 4 மி.மீ. நீளத்துக்கு நேராக நீட்டியிருக்கும். வேலைக்கு அருமை, சட்டைப்பைக்கு ஆபத்து: துணியைக் குத்தும், கீழே விழுந்தால் முதலில் வளையும். நாள் முழுக்க வண்டியிலும் வரப்பிலும் திரிபவர்கள் முனை உள்ளே போகும் வகையை எடுக்கட்டும். அதில் நகரும் பாகங்கள் அதிகம், நுனியில் இம்மியளவு ஆட்டம் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நுனியைத் தாளில் வைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கூம்பை இறுக்கிய பிறகும் ஆடினால் வேண்டாம். முனை உள்ளே போகும் வகையின் இம்மியளவு ஆட்டம் தவிர இன்னொரு விதிவிலக்கும் உண்டு. 2008-இல் வந்த யூனி குரு டோகா போன்ற பென்சில்களில் ஒவ்வொரு முறை நுனியைத் தாளிலிருந்து தூக்கும்போதும் லெட் கொஞ்சம் சுழலும். அதற்காக நுனி இலேசாக உள்ளே அமுங்கும்படியே செய்திருக்கிறார்கள். அது கோளாறு அல்ல.

உடலை மேசையில் இலேசாகத் தட்டுங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருந்து தகரம் தட்டியது போலக் கணீரென்றால் அது பாலிஸ்டைரீனாக இருக்க வாய்ப்பு அதிகம். எளிதில் விரிசல் விடும். மந்தமான சத்தம் தரும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் அடி தாங்கும். உடலின் இருபக்கமும் ஓடும் அச்சுக் கோட்டை நகத்தால் தடவுங்கள். நகம் தட்டுப்பட்டால் அச்சு தேய்ந்துபோனது என்று பொருள். அப்படிப்பட்ட அச்சில் மரையும் சரியாக விழுந்திருக்காது. கிளிப் உலோகமா, உடலோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக்கா என்பதையும் பாருங்கள். பிளாஸ்டிக் கிளிப் அடியோடு ஒடியும், ஒடிந்தபின் ஒட்டாது.

எடுத்துக்காட்டாக இரண்டு பென்சில்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பென்டெல் பி205 சுமார் 9 கிராம், பிளாஸ்டிக் உடல், உலோகக் கூம்பு. ரோட்ரிங் 600 முழுப் பித்தளை உடல், அறுகோண வடிவம், பிடியில் நர்லிங் எனப்படும் சொரசொரப்பான குறுக்குவெட்டு, 20 கிராமுக்கு மேல் எடை. இரண்டிலும் மரையும் கிளட்சும் நேர்த்தியானவை, அதனால் இரண்டுமே பல ஆண்டு தாங்கும். மொசைக் தரையில் நுனி கீழாக விழுந்தால் அதிகம் பாதிக்கப்படுவது கனமானதன் முனைதான். மாணவருக்கு முதல் பென்சிலாகக் கேட்டால் நாங்கள் இலேசானதையே சொல்வோம்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று சோதனை

ஒன்று, பிடிமானம். லெட்டை 1 மி.மீ. நீட்டி, சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் ஒரு தாளை விரித்து, பென்சிலைச் செங்குத்தாக அழுத்துங்கள். 500 கிராம் காட்டும்வரை லெட் உள்ளே நழுவக் கூடாது. சாதாரணமாக எழுதும் அழுத்தம் இதைவிட மிகக் குறைவு, ஆகவே 500-ஐத் தாங்கும் கிளட்ச் தேர்வு அறையில் கைவிடாது.

இரண்டு, கிளிக் அளவு. பத்து முறை அழுத்தி வெளிவந்த லெட்டை ஸ்கேலில் அளந்து பத்தால் வகுங்கள். அரை மி.மீ. முதல் 1 மி.மீ.க்குள் இருந்தால் சரி. இதே அளவை மூன்று முறை எடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் வளையமோ முனை ரப்பரோ சரியில்லை. பில் கையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

மூன்று, மூடியை அழுத்தியபடியே பிடித்து நுனியைக் கீழே தொங்கவிடுங்கள். லெட் பொத்தென்று விழுந்தால் முனை ரப்பர் பிடிக்கவில்லை.

நம் காற்றும் வெயிலும் என்ன செய்யும்

மழைக்காலப் புழுக்கத்தில் முதலில் பாழாவது மெத்தென்ற ரப்பர் போன்ற பூச்சு. உடல் முழுக்க வெல்வெட் போலத் தொடச் சுகமாக இருக்கும் சில பென்சில்கள் இரண்டு மூன்று வருடத்தில் பிசுபிசுவென்று ஆகிவிடும். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பாலியூரித்தேன் பூச்சைச் சிதைப்பதுதான் காரணம். துடைத்தால் மீளாது. நீண்ட நாள் வைத்திருக்க நினைப்பவர்கள் அந்தப் பூச்சு உள்ளதை வாங்கவே வேண்டாம். நர்லிங் வெட்டிய உலோகப் பிடியோ, கோடு கோடாக வரி போட்ட பிளாஸ்டிக் பிடியோ போதும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று. குரோம் முலாம் பூசிய பித்தளையில் வியர்வையும் உப்பும் சேர்ந்து முலாமில் ஊசிமுனைப் புள்ளிகளாக ஓட்டை விழும், அதன் வழியே பச்சைக் களிம்பு எட்டிப்பார்க்கும். களிம்பைக் கண்டதும் புளியை எடுக்கத் தோன்றும். விளக்குக்குப் புளி சரி, முலாம் பூசிய பென்சிலுக்குக் கூடாது. புளியின் அமிலம் அந்த ஓட்டைகளின் வழியே அடியிலுள்ள பித்தளையை அரித்து முலாமை இன்னும் உரித்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது போதும். முலாம் பூசாத வெறும் பித்தளை உடல் என்றால் புளி போடலாம். கூம்பையும் உள்பாகங்களையும் கழற்றி வைத்துவிட்டு உடலை மட்டும் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள்.

ஜியோமெட்ரி பாக்ஸில் அழிக்கும் ரப்பரும் பிளாஸ்டிக் ஸ்கேலும் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மென்மையான வினைல் ரப்பரிலிருந்து கசியும் பொருள் பிளாஸ்டிக்கை இளக்குகிறது. பென்சில் உடலுக்கும் இதே கதிதான். ரப்பரை அதன் அட்டை உறையிலேயே வையுங்கள்.

சுத்தம் செய்யும் முறை

தினமும் எழுதுபவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டுத் தூசியில் வேலை செய்தவர்கள் அந்த வாரமே செய்துவிட வேண்டும். உமித்தூசி முனை ரப்பரில் ஒட்டினால் லெட் சிக்கும்.

விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். கிளட்ச் வளையம் அரிசி மணியைவிடச் சிறியது. தரையில் உருண்டால் கிடைக்காது, அது இல்லாமல் பென்சில் இல்லை. பின் மூடியையும் அதனடியிலுள்ள அழிக்கும் ரப்பரையும் எடுத்து, லெட்களைக் கொட்டிவிடுங்கள். கூம்பைக் கழற்றுங்கள். மூடியை முழுதும் அழுத்திப் பிடித்தபடி உடலைத் தட்டினால் தாடைக்குள் இருக்கும் தூளும் துண்டும் விழும். பித்தளைத் தாடையை மருந்துக் கடை ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடையுங்கள். ஸ்பிரிட் தெளிவான பிளாஸ்டிக் உடலில் படக் கூடாது, நுண்ணிய விரிசல் விடலாம். உடலுக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டுக் கலந்த தண்ணீர் போதும். எல்லாவற்றையும் விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் உலரவிட்டு மாட்டுங்கள். ஈரத்தோடு மூடினால் ஸ்பிரிங் துருப்பிடிக்கும்.

எண்ணெய் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம். கிராஃபைட் தூளே நல்ல மசகு. அதில் எண்ணெய் சேர்ந்தால் பசையாகித் தாடைகள் லெட்டைக் கவ்வாது.

மீண்டும் மாட்டும்போது கூம்பை விரல் நுனியால் திருகி, நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள். இன்னும் ஒரு கால் சுற்று இறுக்குவோமே என்ற நினைப்பில்தான் பெரும்பாலான பிளாஸ்டிக் உடல்கள் மரை ஓரத்தில் பிளக்கின்றன. லெட் குழாயில் இரண்டு அல்லது மூன்று லெட் மட்டும் போடுங்கள். டப்பா முழுதையும் கொட்டினால் அவை நெருக்கி உள்ளேயே முறியும்.

பழுதும் தீர்வும்

முனைக்குழாயில் துண்டு அடைத்துக்கொண்டால்: கூம்பைக் கழற்றி, நுனியிலிருந்து உள்நோக்கித் தள்ளுங்கள். உள்பக்கம் அகலம் என்பதால் துண்டு எளிதில் வரும். சில பென்சில்களில் பின் ரப்பரோடு ஒரு சுத்தம் செய்யும் கம்பி இருக்கும், அது இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் அறுந்த வீணைச் சாரணிக் கம்பியில் (வீணையின் மெல்லிய முதல் தந்தி) ஐந்து சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். எஃகுக் கம்பி, 0.5 குழாயினுள் தாராளமாக நுழையும். வெட்டிய முனையை உப்புத்தாளில் மழுக்கிக்கொண்டால் முனை ரப்பர் கிழியாது. ஊசி, ஊக்கு இரண்டும் வேண்டாம். குழாயின் வாய் விரிந்துவிட்டால் அதன்பிறகு லெட் ஆடிக்கொண்டே இருக்கும்.

முனைக்குழாய் வளைந்தால்: உள்ளே அளவுக்குப் பொருந்தும் கம்பியை நுழைத்துவிட்டு, கண்ணாடித் தட்டின்மேல் விரலால் அழுத்தி மெதுவாக உருட்டுங்கள். உள்ளே கம்பி இல்லாமல் நிமிர்த்தினால் குழாய் நசுங்கும். மடிப்பு விழுந்துவிட்டால் நிமிர்த்த வேண்டாம், அந்த இடத்தில் ஒடியும். கூம்பை மட்டும் மாற்றுவதே வழி.

எழுதும்போது லெட் உள்ளே போனால்: முதலில் தாடையைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு லெட்டின் அளவைச் சரிபாருங்கள். 0.7 பென்சிலில் 0.5 லெட் போட்டுவிட்டு அவதிப்படுபவர்கள் நிறைய. இரண்டும் சரியென்றால் வளையத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பிளாஸ்டிக் வளையத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் இறுக்கம் போய்விடும்.

கூம்பு ஆடினால்: பிளம்பர்கள் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் டேப்பை மரையில் ஒரே ஒரு சுற்று, மரை ஏறும் திசையிலேயே சுற்றித் திருகுங்கள். இரண்டு சுற்றுச் சுற்றினால் உடல் பிளக்கும்.

மரை ஓரத்தில் உடல் விரிசல் விட்டால்: உடனடிப் பசையைச் சொட்டினால் அது மரைக்குள் ஓடிக் கூம்பையே ஒட்டிவிடும். அதற்குப் பதில் கூம்பைக் கழற்றி வைத்துவிட்டு, விரிசலுக்கு வெளியே பட்டு நூலைப் பத்துப் பன்னிரண்டு சுற்று நெருக்கமாக, இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். மேலே இரண்டு டியூப் எபாக்சிப் பசையை மெல்லிதாகத் தடவி ஒரு நாள் விடுங்கள். பட்டு நூல் மெல்லியது, இழுவை தாங்கும், கைக்கும் உறுத்தாது.

ஸ்பிரிங் தளர்ந்தால் இழுத்து நீட்டிப் பயனில்லை, சில நாளில் பழைய நிலைக்கே வந்துவிடும். அதேபோல் தேய்ந்த பிளாஸ்டிக் தாடைக்கும் வைத்தியம் இல்லை.

அதனால் பிடித்த மாடலை வாங்கும்போது இரண்டாக வாங்குவது கெட்டிக்காரத்தனம். ஒன்று செத்தாலும் அதன் கூம்பு, வளையம், ஸ்பிரிங், மூடி மற்றதற்கு உதவும். அவற்றை ஒரு தீப்பெட்டியில் போட்டு மேலே மாடல் பெயரை எழுதி வையுங்கள். வேறு மாடலின் கூம்பு சில நேரம் மரையில் ஒத்துப்போகும், ஆனால் வளையம் முட்டும் படியின் ஆழம் வேறாக இருந்தால் எத்தனை முறை அழுத்தினாலும் லெட் நகராது.